நூத்திப் பன்னெண்டாம் கல்லு

மரக்காணத்துக்கு வடக்கே, கடலோர ரோட்டில், நூத்திப் பன்னெண்டாம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் என் மகன் ஒரு கருங்கல்லை நட்டு வைத்திருந்தான். அவனுடைய அப்பா அடிபட்டு உயிர் விட்ட இடம் அது என்று நினைத்து நட்டான். அது அந்த இடம் இல்லை. பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு வருசம் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஏன் திறக்கவில்லை என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுத்தும் அஞ்சாவதோடு நின்றதுதான். ஆனாலும் எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஊர் சேலத்துக்குத் தெற்கே, புதுச்சத்திரத்துக்கு மேற்கே இருக்கிறது. இங்கிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் அரை நாள் ஆகும். ஆனால் ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது லாரியிலோ போர்வெல் வண்டியிலோ போனவர்கள். என் வீட்டுக்காரரும் கலியாணத்துக்கு முன்னாலிருந்தே டிரைவர். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போவார். அங்கே இறக்கிவிட்டுக் கடலோரமாகவே மரக்காணம் வந்து உப்பு ஏற்றுவார். திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று திரும்பி வருவார். அந்த உப்பு பள்ளிபாளையம் பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கு. வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருப்பார், தப்பினால் ரெண்டு நாள்.

அவர் பேசுகிற ஆள், நான் கேட்கிற ஆள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமலே, தட்டில் மிச்சமிருக்கும் ரசத்தில் விரலால் கோடு இழுத்து ரோட்டைக் காட்டுவார். மேல் ஓரத்தில் மெட்ராஸ். அப்புறம் மகாபலிபுரம், மரக்காணம், பாண்டிச்சேரி, கடலூர். தட்டின் கீழ் ஓரத்துக்கு வந்தால் நாகப்பட்டணம், தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி. "இது மொதல்ல ஒரே ரோடு இல்லெ தெரியுமா? துண்டு துண்டாக் கெடந்தது" என்பார். ஒரு குப்பத்திலிருந்து அடுத்த குப்பத்துக்கு ஒரு மண் பாதை. நடுவில் கழிமுகம் வந்தால் பாலம் இருக்காது, வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்ளே திண்டிவனம் ரோட்டுக்கே வர வேண்டும். தார் போட்ட இடத்தில் மீன்காரர்கள் வலையையும் கருவாட்டையும் காயப் போட்டிருப்பார்கள். ஆரன் அடித்தால் ஒரு கிழவி வந்து மெதுவாக ஒரு லாரி போகிற அகலத்துக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுப்பாளாம். பிறகு பாலம் கட்டினார்கள், துண்டுகளை ஒட்டினார்கள், பேர் வைத்தார்கள், காசு வாங்கக் கேட் போட்டார்கள். மெட்ராஸ் பக்கத்தில் பங்களாவாக முளைத்துக் கடலே தெரியாமல் போனது. இத்தனையும் அவர் ஓட்டிய காலத்திலேயே நடந்தது. நான் தட்டைக் கழுவ எடுத்துப் போகும்போது ரோடு எல்லாம் கலைந்து போகும்.

லாரிக்காரர்களுக்கு இடம் என்றால் கல்தான். ஊர்ப் பேர் சொல்ல மாட்டார்கள். "தொண்ணூத்தெட்டாம் கல்லுல டீ நல்லா இருக்கும்", "நூத்தி மூணுல போலீசு நிக்கும்" என்றுதான் பேச்சு. ஒருத்தர் சொன்னால் இன்னொருத்தருக்கு விளங்கிவிடும். அந்தப் பழக்கத்தால்தான் எங்களுக்கு இவ்வளவும் வந்தது.

அவர் செத்த அன்றைக்கு வண்டி காலியாகத்தான் இருந்தது. உப்பு ஏற்ற மரக்காணம் போகிற வழியில், பின் டயரில் காற்று குறைவு என்று ஓரம் கட்டி இறங்கியிருக்கிறார். பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் என் மூத்தார், அவருடைய அண்ணன், ஒரு வேன் பிடித்து எங்களைக் கூட்டிப் போனார். மகன் அப்போது பத்தாவது. பரீட்சை என்று அவனை விட்டுவிட்டுப் போனோம். வேன் நிறைய ஆம்பிளைகள். நானும் என் நாத்தனாரும்தான் பொம்பிளைகள். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அதனால் தரையில் இருந்தது எல்லாம் மனசில் தங்கிவிட்டது. ரோட்டின் ஓரம் வரைக்கும் உப்புப் பாத்தி. கறுப்புச் சேறு. சேற்றில் விரல் நுழைகிற அளவுக்கு நண்டு வளை, நூறு இருக்கும். பாத்திக்குத் தண்ணீர் போக ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய், அதன் வாய் உடைந்து உள்ளே கம்பி தெரிந்தது. தாரின் ஓரத்தில் கண்ணாடித் தூள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

பாலை ஊற்றித் தேங்காய் உடைத்தார்கள். ரோட்டில் போன உயிர் அங்கேயே நின்றுகொண்டிருக்கும், வந்து கூப்பிட்டால்தான் வீட்டுக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாத்தனார் மூத்தாரிடம் கேட்டாள், "ஏனுங்கண்ணா, கூப்புடறதுங்க?"

"இப்ப நேரமில்ல அம்மிணி. வண்டி பறக்குது பாரு, நாம நாலு பேரு அடிபட்டா ஆரு கூப்புட வாரது? அப்பறம் மொறையா வந்து கூட்டிக்கலாம். கல்லைப் பாத்துக்கங்க. நூத்திப் பன்னெண்டு."

கல்லின் தலை அப்போது பச்சை. அப்புறம் முறையாக யாரும் போகவில்லை. மூத்தாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த நெம்பரை மட்டும் என் மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மகன் படிப்பை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தான். ஸ்டியரிங்கோடு குடியும் வந்தது. அவன் குடித்த கதையை நீட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. லோடை நடுவழியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கட்டின பெண்ணை அடித்திருக்கிறான். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடப்பாடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "அத்தை, உங்களுக்காவத்தான் இத்தன நாளு இருந்தேன்" என்றாள்.

அப்புறம் ஒரு நாள் அவன் வண்டியை விட்டிறங்கி நேராகச் சமையல்கட்டுக்கு வந்தான். கண் தெளிவாக இருந்தது.

"அம்மா, அப்பன் எடத்தப் பாத்துட்டேன். கல்லுத் தலை மஞ்சளா மாறிப் போச்சு, நெம்பரு அதேதான். நூத்திப் பன்னெண்டு. எறங்கிச் சூடம் பத்த வெச்சேன். மண்ணு மேல கையை வெச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். இனி தொட மாட்டேன்."

இப்படி எத்தனையோ சத்தியத்தைப் பார்த்தாயிற்று என்று நினைத்தேன். ஆனால் தொடவில்லை. ஒரு மாசம் போனது, மூணு மாசம் போனது. அடுத்த நடையில் இங்கிருந்தே ஒரு அடி உயரத்துக்குக் கருங்கல் கொண்டு போய் நட்டான். அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் நிறுத்தி அதன் மேல் கையை வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பானாம். மருமகளும் நம்பித் திரும்பி வந்தாள்.

அந்த வருசத் திதிக்கு என்னையும் மருமகளையும் அங்கே கூட்டிப் போனான். இறங்கியதும் நான் வழக்கம்போலக் கீழே பார்த்தேன். காலுக்கு அடியில் வெள்ளை மணல். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, சருகு உதிர்ந்து மெத்தை மாதிரி கிடந்தது. சேறு இல்லை, நண்டு வளை இல்லை, உப்பு என்கிற பேச்சே இல்லை. இது இல்லை சாமி என்று மகனிடம் சொல்ல வாயைத் திறந்தேன். மருமகள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி, அழுதுகொண்டே சிரித்தாள்.

"மாமா இங்கதான் இருக்கறாங்க அத்தை. இருந்துட்டுத்தான் இவரப் புடிச்சு நிறுத்திப்போட்டாங்க."

வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தெற்கே கொஞ்ச தூரத்தில் உப்புப் பாத்தி வந்தது, அந்த உடைந்த குழாயும் வந்தது. வேன் நிற்காமல் போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் நின்றுகொண்டிருப்பார், நாங்கள் அவரைத் தாண்டிப் போகிறோம், இதுதான் என் நினைப்பு. நாலு வருசம், நாலு திதி, இப்படித்தான் தாண்டினோம்.

கல் எப்படி நகர்ந்தது என்று எனக்கு முதலில் புரியவில்லை. அவனே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். "அப்பன் சொல்லுமே, தொண்ணூத்தெட்டாம் கல்லு டீக்கடை, அது இப்ப நூத்திரெண்டாம் கல்லுகிட்ட இருக்குதும்மா. கடைக்காரரு ராத்திரியோட ராத்திரியாக் கடையத் தலையில வெச்சுட்டு நடந்துட்டாரு போல."

மருமகள் சிரித்தாள். "கடை நடக்குமாக்கும்! கல்லை மாத்தியிருப்பாங்க."

"ஆமா, ரோடு நேசனல் ஹைவேயாகி டெல்லிக்காரங்க கைக்குப் போச்சில்ல. எண்ண ஆரம்பிக்கற எடத்தையே மாத்திட்டாங்களாம். அதான் தலையும் மஞ்சள்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்கு நாலு கல் மாறினால் அப்பனுக்கும் நாலு கல் மாறும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றிவிடுமோ என்று எனக்குப் பயம். தோன்றாமலே போய்விடுமோ என்றும் பயம். சொன்னால் அவருக்கு விடிவு. சொன்னால் இவன் கை வைக்கிற கல் வெறும் கல்லாகிவிடும். மறுபடி குடித்தால் மருமகள் இந்தத் தடவை திரும்பி வர மாட்டாள். செத்தவரையும் இருப்பவனையும் ரெண்டு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் இருப்பவன் பக்கமே சாய்ந்தேன்.

இந்த வருசம் அந்த ரோட்டை நாலு வழியாக அகலம் பண்ணும் வேலை அவன் கல்லுக்குக் கிட்டே வந்துவிட்டது. சவுக்கு மரங்களில் சிவப்புப் பெயிண்டு அடித்துவிட்டார்கள். வேலை பார்ப்பவர்கள் அவனிடம் மரியாதையாகவே, "எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க டிரைவர், நாளைக்கு மிசின் வந்தா எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லையும், அடி மண் ஒரு சொம்பும் எடுத்து வந்து நம் தோட்டத்துக் கிணற்றோரம் வைத்துவிடலாம் என்று முடிவு பண்ணினான். "அப்பனக் கூப்புடறது நீதாம்மா கூப்புடோணும். பொண்டாட்டி கூப்புட்டாத்தான் வருவாங்களாம்."

ஆம்னி வேனில் மூணு பேரும் போனோம். அவன் மண்ணைக் கிளறிக் கொடுத்தான், நான் மடியில் வாங்கிச் சொம்பில் போட்டேன். சருகும் மணலும். "கூப்புடும்மா" என்றான். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். என்னைப் பற்றி எல்லாரும் அப்படி நினைப்பது அன்றைக்கு வசதியாக இருந்தது.

கிளம்பினோம். சொம்பு என் பக்கத்து சீட்டில், மஞ்சள் துணி கட்டி இருந்தது. உப்புப் பாத்தி கண்ணில் பட்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"சாமி, வண்டிய நிறுத்து. ஒதுங்கோணும்."

"இங்கயா? மறைவே இல்லியேம்மா, வெட்டவெளி. முன்னால பெட்ரோல் பங்கு இருக்குது, அங்க போலாம்."

"முடியாது சாமி."

"ஏனுங்க, பெரியவங்க முடியலைங்கறாங்க, நிறுத்துங்க" என்றாள் மருமகள். "நானும் வரட்டுங்களா அத்தை?"

"வேண்டாம் அம்மிணி, நீ இரு."

இறங்கி நடந்தேன். அங்கே வேலை முன்னமே முடிந்திருந்தது. சேற்றின் மேல் செம்மண்ணும் கிராவலும் கொட்டி, ஆள் உயரத்துக்கு மேடாக்கி உருளை ஓட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ டிப்பரில் வந்த மண். எங்கள் தோட்டத்து மண் நிறம். குழாயைக் காணோம், நண்டு வளை ஒன்றைக்கூடக் காணோம். முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்துகொண்டு வந்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். எதை எடுப்பது? அவர் கால் பட்ட மண் அதற்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது.

சும்மா நின்றேன். லாரி ஒன்று போய் ஒன்று வந்தது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தானுங்க. நேரமாயிடுச்சுங்க. வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றேன். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் வந்து வேனில் ஏறினேன். சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒட்டி உட்கார்ந்தேன்.

"நல்லா உக்காருங்க அத்தை, எடம் கெடக்குதே" என்றாள் மருமகள்.

"இருக்கட்டும்" என்றேன். ஆத்தூர் தாண்டும் வரைக்கும் அப்படியே வந்தேன், ஒரு பக்கம் இடுப்பு மரத்துப் போனது.

கிணற்றோரம் கல் நட்டாயிற்று. பத்து நாள் கழித்து மகன் ஒரு நடை போய்விட்டு வந்தான். குளித்துவிட்டுக் கல் மேல் கையை வைத்து எடுத்தான். நான் பக்கத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். மருமகள் வீட்டுக்குள் இருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்த உப்புப் பாத்தில நீ ஒதுங்கலெ."

நான் கீரையைப் பார்த்தேன்.

"கண்ணாடில பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒதுங்கப் போறவ மறைவு தேடுவா. நீ ரோட்டப் பாத்து நின்ன. கும்புடற மாதிரி நின்ன. வாயி அசைஞ்சுது. எங்கூடப் பேசாத வாயி, அங்க ஆருகூடப் பேசுச்சு?"

அந்த ‘ஒதுங்கோணும்’ ஒன்றைத் தவிர இவனிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பேசாமல் இருந்துதான் பழக்கம். அன்றைக்கு அதுவும் முடியவில்லை. சேறு, நண்டு வளை, உடைந்த குழாய், பச்சைத் தலைக் கல், டீக்கடை நடந்த கதை, எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அவன் பிறந்த பிறகு அன்றைக்குத்தான்.

அவன் கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப நாலு வருசமா நான் ஆருகிட்டச் சொல்லிட்டு இருந்தேன்? சவுக்குத் தோப்புகிட்டயா?" என்றான்.

"குடிக்காமத்தானே சாமி இருந்த."

"நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு போனான். புதுச்சத்திரம் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். அந்தப் பக்கம்தான் பிராந்திக் கடை இருக்கிறது. மருமகள் வந்து, "எங்கீங்க அத்தை போறாரு?" என்று கேட்டாள். டயர் பார்க்க என்றேன். இன்னொரு பொய்யும் வந்துவிட்டது. கீரையை உருவி முடித்து, காம்பையும் உருவி, வெறும் குச்சியை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பேத்தி வந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். அவர் அங்கே நின்றபடியே நின்றிருந்தால் என்ன, இவனை எதற்குக் கிளறினேன் என்று எனக்கு நானே ஏச்சு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். நான் கிட்டே போய் அவன் தோளில் கிடந்த துண்டை வாங்கப் போனேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தான்.

"மோந்து பாக்க வந்தியா? போலீசுக்காரங்களே தேவல, நேரா ஊதச் சொல்லுவாங்க." குனிந்து என் முகத்துக்கு நேராக ஊதினான். "பாத்துக்க."

டீயும் பீடியும் மணத்தன. வேறு ஒன்றும் இல்லை.

"கடை வாசல்ல வண்டிய நிறுத்தினேன். எறங்கல. எதுக்கு எறங்கலைன்னு எனக்கே தெரியல. இன்னிக்குத் தாண்டிட்டேன். நாளைக்கு எது மேலம்மா கையை வெக்கறது?"

நான் யோசிக்கவில்லை. அவன் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். "எம் மேல வெய்யி சாமி."

வெந்நீர் பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம். அப்பன் செத்தவரு. நான் தப்புனாலும் இனி அவருக்கு ஒண்ணும் ஆவாது. அந்தத் தைரியத்துலதான் அங்க வெச்சேன். நீ உசுரோட இருக்கற."

மறுநாள் காலையில் லோடு. ஜவ்வரிசிதான், மெட்ராசுக்கு. இறக்கிவிட்டுத் திரும்புவது அந்த ரோட்டில். கிளம்பும்போது கிணற்றுப் பக்கம் போகவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாரேன்" என்றான். வழியில் எங்கே நிறுத்துவாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பாத்துப் போ சாமி என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கு மூணாம் நாள். போன் பண்ணினால் மருமகளிடம் பேசுகிறான், வந்துட்டே இருக்கறேன் என்கிறானாம். குரல் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துது அத்தை, ஏனுங்க?" என்றாள். அவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.